அடுப்படிக்கு வந்த அனல்

ஏங்க,

விடியும் முன்னே, தரையில் நிற்கும் அந்த ஏசி பீப் பீப் என்று கத்தியது. நீங்கள் புரண்டுகூடப் படுக்கவில்லை. அடித்தட்டில் தண்ணீர் நிறைந்திருந்தது, எடுத்து ஊற்றிவிட்டேன். இனி நீங்கள்தான் ஊற்ற வேண்டும். நான் டி. கல்லுப்பட்டிக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

படுக்கையறைச் சன்னலில் புதிதாக அடித்த கொசுவலை வீணாகிவிடும் என்று ஏசியின் அனல் வெளியேறும் குழாயை அடுப்படிக்குள் விட்டு வைத்திருந்தீர்கள். இன்று நானே வலையை வெட்டி, குழாயைச் சன்னலுக்கு வெளியே விட்டிருக்கிறேன். சுற்றியுள்ள இடைவெளியை ஏசி வந்த அட்டைப்பெட்டியால் அடைத்திருக்கிறேன். பிடுங்காதீர்கள்.

சோறு வடித்தாயிற்று. புளிக்குழம்பு சட்டியில் இருக்கிறது. சிலிண்டர்காரர் வருவார், சாவியைப் பக்கத்து வீட்டு பாண்டிமீனாவிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போங்கள்.

கோபமெல்லாம் இல்லை. அந்த அனலில் நின்று நின்று எல்லாம் மரத்துப்போய்விட்டது. எப்போது வருவேன் என்று யோசிக்கவில்லை.

ரோகிணி

அப்பளம் பொரிக்கவில்லை. மறந்துவிட்டேன்.

இன்னொன்று. குழாயை எங்கே விடுவது என்று ஏசி மாட்ட வந்த தம்பி கேட்டபோது, உங்கள் இருவருக்கும் டீ போட்டபடி அடுப்படியில்தான் நின்றேன். நீங்கள் சொன்னது காதில் விழுந்தது.

"அடுப்படிக்குள்ள விடு தம்பி, அங்க யாரு இருக்கா?"