தார்ப்பாய் விலை

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா ஆசியோடு எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அவள் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னாலேயே முனக ஆரம்பித்துவிடுகிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கவேண்டும். புயலுக்குப் பின் போனில் நடந்த சண்டையிலிருந்து அண்ணன் உன் பேச்சையே எடுப்பதில்லை. நான் யார் பக்கம் என்று நீயும் கேட்டாய், அவனும் கேட்டான். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

புயல் அடித்த மறுநாள் காலை, பழைய விலைக்கு மேல் விற்றால் கடைக்குச் சீல் என்று உத்தரவு வந்ததல்லவா, நம் ஹார்டுவேர் கடைக் கதவில் அதை ஒட்டியவன் உன் அண்ணனேதான், அவன் தாலுகா ஆபீஸ் வேலை அது. நீயோ, விலையை ஏற விடுங்கப்பா, அப்பதான் வெளியூர்ச் சரக்கு ஓடி வரும், இல்லன்னா ஒருத்தனே எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிடுவான் என்றாய். நான் உத்தரவுப்படியே விற்றேன். நீ சொன்ன மாதிரியே நடந்தது. கடை திறந்த அரை மணியில் காண்ட்ராக்டர் வந்து, சிமெண்டு மூட்டைகளை மூட வேண்டும் என்று தார்ப்பாய் அத்தனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

பதினோரு மணிக்கு நம் தெரு நர்ஸ் வந்தாள், சின்ன வயதில் உனக்குக் கதை சொல்லிக்கொண்டே ஊசி போடுவாளே, அவள்தான். அண்ணே, கூரை மொத்தமும் பறந்துடுச்சு, படுக்கையில கிடக்கிறவர நான் எங்க கொண்டுபோய் வைப்பேன், ஒண்ணே ஒண்ணு குடுங்க, என்ன விலைன்னாலும் தர்றேன் என்றாள். இல்லம்மா, தீர்ந்துபோச்சு என்று கையை விரித்தேன். மூன்றாம் நாள் வெளியூர் லாரி ஒன்று ஆபீஸ் கண்ணில் படாமல் வந்து நின்றது, மூன்று மடங்கு விலை. கொடுத்து வாங்கினாள். அதற்குள் அவள் புருஷனுக்குச் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது, எட்டாம் நாள் போய்விட்டார்.

அந்த லாரியை முதல் நாளே வரவிட்டிருக்கலாம் என்பது உன் கட்சி. விலையை அவிழ்த்து விட்டிருந்தா காசில்லாதவன் கதி என்ன என்பது அவன் கட்சி. இரண்டும் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் வீட்டுக்கு ஒன்றுதான் என்று காண்ட்ராக்டரிடம் சொல்ல எனக்கு யாருடைய உத்தரவு வேண்டியிருந்தது? வருஷம் முழுக்க வாங்குகிற ஆள், முகம் சுளிப்பாரே என்று பயந்தேன். இன்னொன்றும் இருக்கிறது, அம்மாவுக்குக்கூடத் தெரியாது. கடை திறக்குமுன்பே ஒரு தார்ப்பாயை நமக்கென்று பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன். நர்ஸ் கெஞ்சியபோது அது என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. நம் வீட்டில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை, அது இன்னும் பிரிக்காமலே கிடக்கிறது. வெட்கமாக இருக்கிறது, அம்மாடி.

ஆகவே என்னை வைத்து நீங்கள் அடித்துக்கொள்ள வேண்டாம். அண்ணனுக்கு நீயே முதலில் போன் செய், மறந்துவிடாதே. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீயும் அண்ணனும் நூறு வருஷம் ஒற்றுமையாக இருங்கள். இதைத் தபாலில் போட்டுவிட்டு அப்படியே நர்ஸ் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொல்லப்போகிறேன். அந்தத் தார்ப்பாயைக் கையில் எடுத்துக்கொண்டு போவதா, வெறுங்கையோடு போவதா என்றுதான் இன்னும் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா