சூ என்ற ஒரு சொல்

இன்று காலை கடையில் கருவாட்டுக் கூடையைத் திறந்து வைத்திருந்தேன். எங்கிருந்தோ ஒரு பூனை வந்து கூடை விளிம்பில் கால் வைத்தது. மருமகள் துடைப்பத்தைத் தூக்கி, "சூ!" என்றாள். பூனை ஓடிவிட்டது. நான் துள்ளிப் பின்வாங்கியதில் தராசுத் தட்டிலிருந்த நெத்திலியெல்லாம் கீழே கொட்டிவிட்டது. "இன்னா மாமா, ஒரு பூனைக்கா இப்டி பயந்துட்டீங்க?" என்று சிரித்தாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். உண்மையை உன்னிடம்தான் சொல்ல முடியும். நீ உயிரோடு இருந்தவரை உன்னிடமும் அதைச் சொல்லவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. உப்பும் கருவாடும் மலைக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்றுத் திரிந்தவன், உன்னைக் கட்டிக்கொண்டு, மலைமேலேயே சொந்தமாக ஒரு கடையும் அதன் பின்னால் வீடுமாகப் போட்டு மூன்றாவது வருஷம். சாமையும் புளியும் வாங்கி அடிவாரத்து ஒடுகத்தூருக்கு இறக்கினோம். சாமை மூட்டையை எலி கடித்தது. நீ ஒரு பூனை கொண்டுவந்தாய். நெற்றியில் கறுப்பாக ஒரு புள்ளி, அதனால் பொட்டு. புளி மூட்டையை ராத்திரியில் எவனோ திருடிப்போனான். நான் டைகர் என்று ஒரு நாயைக் கொண்டுவந்தேன். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

டைகரை நான்தான் பழக்கினேன். கோணிக்குள் வைக்கோல் அடைத்து, மனுஷன் மாதிரி கட்டித் தொங்கவிட்டு, "சூ" என்பேன். பாய்ந்து தொண்டை இருக்கிற இடத்தைக் கிழிக்கும். கிழித்தால் ஒரு துண்டு கருவாடு. ஒரு மாதத்தில் அந்தச் சொல்லுக்குக் காத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிற நாயாகிவிட்டது. அதே சொல்லால்தான் நீ கோழியைச் சூ என்று விரட்டுவாய், பொட்டுவை அடுப்படியிலிருந்து சூ என்று விரட்டுவாய். நாய்க்கு என் குரல் வேறு, உன் குரல் வேறு. நீ சொன்னால் காதைக்கூட அசைக்காது. எனக்கு அதில் பெருமை வேறு.

பொட்டு மூன்று குட்டி போட்டது. கண் திறக்காத குட்டி ஒன்றை டைகர் கவ்வி உதறிக் கொன்றது. கழுத்து தொங்க, வாசலில் கொண்டுவந்து என் காலடியில் போட்டது. கூலி கேட்கிற மாதிரி வாலாட்டியது. நீ புளி தட்டும் கட்டையை எடுத்து அதன் முதுகில் போட்ட போடு எனக்கு இன்னும் கேட்கிறது. நாய் ஊளையிட்டது. நான் கட்டையைப் பிடுங்கி உன்னை அறைந்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. வாங்க போங்க என்று பேசுகிறவள் நீ, அன்றைக்குத்தான் மாறினாய்.

"இந்த வூட்ல நாயி இருக்கணும், இல்ல நா இருக்கணும். சொல்லுய்யா, எது வேணும்?"

"நாயி மூட்டைய காக்குது. உன் பூன இன்னாத்த காக்குதுமே? என் கருவாட்டயே துன்னுது!"

"எலி துன்னாம கீற சாமைய எவன் காத்தான்? உன் நாயா? அது பல்லு வெச்ச பொணம். நீயும் அப்டித்தான்."

பொட்டு உன் மடியில் இருந்தது. நீ தரையில் உட்கார்ந்திருந்தாய். நான் "சூ" என்றேன்.

அவ்வளவுதான். டைகர் பாய்ந்தது. நீ குனிந்து கையைக் குறுக்கே கொடுத்தாய். முழங்கைக்குக் கீழே பல் இறங்கிய சத்தம், ஈரத்துணியைக் கிழிக்கிற சத்தம். பூனை உன் கைக்கடியிலிருந்து எகிறி நாயின் ஒரு கண்ணைக் கிழித்துவிட்டுக் கூரை மோட்டுக்கு ஏறியது. தராசுக் கோலால் நாயை அடித்து அடித்துத்தான் விலக்கினேன். கொட்டை எடுத்து வைத்த புளியெல்லாம் ரத்தம்.

புளி லாரியிலேயே உன்னை மலையிறக்கி, தர்மாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எப்படி ஆச்சு என்று கம்பவுண்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "அவரு பூனைய வெரட்னாரு சார். நாயி தன்னத்தான் ஏவறாருன்னு நெனச்சிக்கிச்சி."

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்றார்கள். நாயைக் கொல்லாதே, பத்து நாள் கட்டிப்போட்டுப் பார், செத்தால் வந்து சொல் என்றார்கள். நீ ஒடுகத்தூரில் உன் அக்கா வீட்டில் தங்கினாய். நான் நாயைச் சங்கிலியில் போட்டு, எதிரிலேயே கோடாலியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்டவும் முடியாது, வெட்டாமல் இருக்கவும் முடியாது. அதன் வாயில் நுரை தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்தே எனக்குத் தண்ணீர் இறங்கவில்லை. தினமும் இறங்கி வந்து உன்னிடம் சொல்வேன்.

"உயிரோட கீது."

"துன்னுச்சா?"

"துன்னுச்சி."

"பொட்டு?"

"மோட்டுலயே கீது."

வயிறு முழுக்க ஊசி வீங்கிக் கிடக்க, நீ கேட்டது இவ்வளவுதான். உன் அக்கா மட்டும், "நாயி பத்து நாளு தாங்கிடும், இவரு தாங்குவாரான்னு பாருடி" என்றாள். நீ சிரிக்கவில்லை.

டைகர் சாகவில்லை. பதினாலு ஊசியும் முடிந்து நீ மலையேறி வந்த அன்று, கோடாலியை எடுத்தேன். இப்போதாவது வெட்டிவிடுகிறேன் என்றேன்.

"அது இன்னா பண்ணும்? சொன்னதத்தானே செஞ்சிது" என்றாய். கோடாலியை வாங்கி விறகோடு போட்டாய். "ரெண்டும் இருக்கட்டுங்க. நீங்க அந்த வார்த்தைய வுட்டுடுங்க."

விட்டுவிட்டேன். ஒற்றைக் கண் நாயும் உன் பூனையும் கடைசிவரை ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் கிடந்து செத்தன. காக்காயைக்கூட நான் கை தட்டித்தான் விரட்டுகிறேன். அந்தக் கையால் உன்னை மறுபடி அடித்ததும் இல்லை. அதனால் நான் நல்லவனாகிவிட்டேன் என்று சொல்ல வரவில்லை.

யார் கேட்டாலும் நீ கம்பவுண்டரிடம் சொன்னதையே சொன்னாய். உன் அண்ணன் வந்து என் சட்டையைப் பிடித்தபோதும் அதையே சொன்னாய். நானும் பூனையைத்தான் விரட்டினேன் என்று ஊரில் சொல்லி, கொஞ்ச நாளில் நானே நம்பவும் பார்த்தேன். நம்ப முடியவில்லை. பூனையை விரட்டுகிறவன் பூனையைப் பார்த்துச் சொல்லுவான். நான் உன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். நீயும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.