துரையின் தோலுக்கு ஒவ்வாதது

அன்புள்ள இஞ்சாருங்கோ,

இன்று காலை எழுந்ததும் தேத்தண்ணிக்குக்கூட அடுப்பு மூட்டவில்லை. துரையைத் தூக்கிக்கொண்டு யன்னலடிக்குப் போய், வெளிச்சத்தில் மல்லாத்திப் பிடித்துப் பார்த்தேன். கழுத்து மடிப்பு, கமக்கட்டு, வயிறு, தொடையிடுக்கு, எங்கேயும் ஒரு சிவப்புப் புள்ளி இல்லை. அவன் என் முகத்துக்கு நேரே ஒரு கொட்டாவி விட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இருபது வருடக் குடித்தனத்தில் உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடிதத்தில் மட்டும் புதிதாக எப்படிக் கூப்பிட? குசினியிலிருந்து கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டுவிட்டேன். கொஞ்சம் இருந்து கேளுங்கள், கதை நிறைய இருக்கிறது.

துரையை நீங்கள் கொழும்பிலிருந்து கூடையில் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? உடம்பில் ஒரு மயிர் இல்லாத பூனையைத் தெருவே அன்றைக்குத்தான் பார்த்தது. மீன்கார அண்ணன் சைக்கிளை நிறுத்திவிட்டு, "என்ன தம்பி, நேர்த்திக்கு மொட்டை அடிச்சனீங்களோ?" என்று கேட்டார். வெயிலில் வெந்த வெள்ளைக்காரன் மாதிரி இருக்கிறான் என்று நீங்கள்தான் துரை என்று பெயர் வைத்தீர்கள். இழுப்பு வருகிற தொய்வுக்காரருக்கு உரோமமில்லாத பூனை ஒத்துவரும் என்று யாரோ சொன்னதை நம்பி வாங்கினீர்கள். முதல் கிழமையே உங்களுக்கு இழுத்தது. நான் மிளகாய் வறுத்த மணம் என்று சொல்லிச் சமாளித்தீர்கள். அலர்ஜிக்குப் பயந்து வாங்கிய பூனைக்கே அலர்ஜி வந்த கதையைக் கேட்க நீங்கள் இருந்திருக்க வேண்டும். அங்கே உங்களுக்கு இழுப்பு வருவதில்லைத்தானே?

நீங்கள் போய்ச் சில மாதங்களில் அது தொடங்கியது. முதலில் கழுத்தில் சின்னச் சின்னத் தடிப்பு. பிறகு வயிறெல்லாம். விறாண்டி விறாண்டி இரத்தம் வரப்பண்ணுவான். உரோமம் உள்ள பூனையென்றால் கொஞ்சமாவது மறைந்திருக்கும். இவனிடம் மறைக்க என்ன இருக்கிறது?

மிருக வைத்தியர் ஒரு இளம் பெண். தோலைச் சுரண்டி எடுத்துப் பார்த்தார். உண்ணியும் இல்லை, பூஞ்சணமும் இல்லை. ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை, அது என்னவென்று வீட்டில்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். "ஒரு நேரத்திலை ஒண்டை மட்டும் நிப்பாட்டிப் பாருங்கோ, அக்கா. எல்லாத்தையும் ஒரேயடியா நிப்பாட்டினா எது எண்டு பிடிக்கேலாது."

நுளம்புத்திரியை நிறுத்தினேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, எங்களுக்குத்தான் கடி. யன்னலில் வெயில் படாமல் சேலையைக் கட்டித் தொங்கவிட்டேன். அதுவும் இல்லை. உங்கள் தங்கச்சி கொழும்பிலிருந்து டெலிபோனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: துறைமுகத்து உப்புக் காற்று. தன்னுடைய ஏசி வீட்டில் இருந்தால் சுகமாகிவிடுமாம். உங்கள் திவசத்துக்கு வரும்போதும் இப்படியே இருந்தால் அவனைக் கையோடு கொண்டுபோகிறேன் என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். நான் டெலிபோனைக் காதில் வைத்தபடி மாமியைத்தான் பார்த்தேன். மடித்து வைத்த துவாயை அவர் திரும்ப விரித்து மடித்துக்கொண்டிருந்தார்.

உங்கள் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்களைக் கொண்டுபோன பிறகு மாமி அழவுமில்லை, கதைக்கவுமில்லை. கைகள் இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு கதிரையில் இருப்பார். அந்தக் கைகள் சும்மா கிடந்ததை நீங்கள் எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. துரையின் தோலில் எண்ணெய் பிசுக்கேறும், கிழமைக்கு ஒருமுறை குளிப்பாட்ட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும், நீங்கள்தானே செய்தீர்கள். அதை நான் மறந்தே போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சொல்லாமலே, மாமி எழுந்துபோய் இளஞ்சுடுதண்ணி வைத்தார். "இவன்ரை உடம்பெல்லாம் ஊத்தை, பிள்ளை. ஒருத்தரும் கவனிக்கிறேல்லை" என்று என்னைப் பேசினார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான். பேச்சு வாங்கியதில் எனக்கு அவ்வளவு சந்தோசம்.

அதனால்தான் துரையைக் கொழும்புக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

பிறகு மீனை நிறுத்தினேன். அந்த நேரம் பார்த்து, தம்பலகாமத்தில் மாமியின் தங்கை வீட்டில் கலியாணம் வந்தது. மாமி போய் மூன்று கிழமை நின்றார். துரையின் தோல் ஆறத் தொடங்கியது. மீன்தான் காரணம் என்று கந்தோரில் கூட வேலை செய்கிற எல்லாருக்கும் பெருமையாகச் சொன்னேன். மாமி திரும்பி வந்தார், ஞாயிறு குளிப்பாட்டினார், புதன்கிழமை திரும்பவும் தடிப்பு. மீனில் ஒரு முள்ளைக்கூடக் கொடுக்கவில்லை.

கம்பசிலிருந்து டெலிபோன் எடுத்த மகளிடம் இதைச் சொன்னேன். அவள் உங்கள் மாதிரியே ஒரு பகிடி விட்டாள். "அம்மா, துரைக்கு அப்பம்மாவை ஒத்துக்கொள்ளேல்லைப் போல."

இரண்டு பேரும் சிரித்தோம். டெலிபோனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிறு சந்தைக்குப் போகாமல் குளியலறை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு இருந்தேன். மாமி அவனைக் குளிப்பாட்டி, துவாயில் சுற்றி, மடியில் கிடத்தினார். பிறகு பக்கத்திலிருந்த பேபி கொலோன் போத்தலை எடுத்து உள்ளங்கையில் ஊற்றினார். கழுத்து மடிப்பு, கமக்கட்டு, வயிறு, தொடையிடுக்கு. நம் மகள் பிறந்திருந்தபோது ஒவ்வொரு நாளும் அவர் பூசிய அதே ஒழுங்கு. உங்களுக்கும் அப்படித்தான் பூசியிருப்பார். துரையின் தடிப்புகளும் அதே ஒழுங்கில்தான் இருந்தன. போன வருடத்துக் காய்ச்சலுக்குப் பிறகு மாமிக்கு மணம் தெரிவதில்லை. அதனால் பூசியது போதாதென்று நினைத்து இன்னொரு கை ஊற்றினார்.

எனக்கு எப்படி இவ்வளவு காலம் பிடிபடாமல் போனது? இந்த வீட்டுக்கே அந்த வாசம்தானே. மாமியின் தலையணை, மகளின் பழைய சட்டைகள், கந்தோருக்குப் போகும்போது நீங்கள் சட்டைப் பையில் மடித்து வைக்கிற லேஞ்சி. துரையில் அந்த வாசம் வந்தபோது அவனும் நம் வீட்டு ஆள் என்றுதான் மூக்குக்குப் பட்டிருக்கிறது.

போத்தலை எடுத்து ஒளித்துவிட்டு, முடிந்துவிட்டது, கடைக்கு வரவில்லை என்று மாமிக்குச் சொன்னேன். வைத்தியரிடம் கேட்டேன். அதிலிருக்கிற ஸ்பிரிட்டும் வாசனையும்தான் என்றார். தடுக்க உரோமம் இல்லாததால் தோல் நேரே உறிஞ்சிவிடுமாம். வாசமில்லாத ஒரு கிறீம் தந்தார். பூசினோம், கிழமைகள் போயின. இன்று காலை பார்த்ததைத்தான் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேனே.

ஆனால் நேற்றுப் பின்னேரம் மாமி என்னிடம் வந்து கேட்டார். "என்னவாம், பிள்ளை, காரணம்? டொக்டர் ஒண்டும் சொல்லேல்லையோ?" நான் யோசிப்பதற்குள், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் ஏதும் பிழையாச் செய்துபோட்டனோ?" என்றார்.

"இன்னும் வடிவாச் சொல்லேல்லை, மாமி" என்றேன். அவர் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அடுத்த கிழமை உங்கள் திவசம். உங்கள் தங்கச்சி வருவாள், தம்பலகாமத்து ஆட்கள் வருவார்கள். வந்ததும் துரையைத் தூக்கிப் பார்த்து, எதனால் வந்தது, எதனால் மாறியது என்று எல்லாரும் கேட்பார்கள். மாமியும் அங்கேதான் இருப்பார். இன்றைக்கு முழுக்க இதைத்தான் யோசித்தேன். இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன், உங்களைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. மகளுக்கும் சொல்லப்போவதில்லை. உங்களுக்குத் தபால் போட விலாசம் இல்லாததால் இதைப் பேப்பருக்குத்தான் அனுப்புகிறேன், அச்சில் வந்தாலும் பயமில்லை. மாமி பேப்பரில் மரண அறிவித்தல் பக்கத்தை மட்டும்தான் வாசிப்பார், உங்கள் தங்கச்சி தமிழ்ப் பேப்பரே வாங்குவதில்லை, மகள் எந்தப் பேப்பரையும் தொடுவதில்லை.

தரை துடைக்க நான் வாளியில் ஊற்றுகிற எலுமிச்சை வாச மருந்து இருக்கிறதல்லவா, அதுதான் காரணம் என்று சொல்லப்போகிறேன். நான் வாங்கியது, நான் ஊற்றியது, பூனை அதில் படுத்து உருண்டது. எல்லாருக்கும் முன்னால் சொல்வேன். இனிமேல் இந்தக் கிறீமை மட்டும்தான், அதுவும் பழகிய கையால்தான் பூசவேண்டும் என்று வைத்தியர் சொன்னதாகவும் சொல்வேன்.

மாமி விடுவாரா? மருமகளின் துப்புரவு பூனையைக் கொல்லப் பார்த்தது என்று தம்பலகாமம் வரைக்கும் கதை போகும். மகளின் கலியாணத்திலும் சொல்வார், எனக்குப் பேரப்பிள்ளை பிறந்தால் அதற்கும் சொல்வார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் குரல் கொஞ்சம் உயரும். நான் பக்கத்தில் நின்று, ஓம் மாமி, என்ரை பிழைதான் என்பேன்.

இனி யார் கேட்டாலும் காரணம் நான்தான். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் அம்மாவின் மருமகள்