அடைகாத்த கஞ்சி

விரலில் அயோடின் வாசம் அடிக்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் மஞ்சள் கறை போகவில்லை. விடுதியில் எல்லாரும் தூங்குகிறார்கள். விளக்கைக் கட்டிலுக்கு அடியில் வைத்து உனக்கு எழுதுகிறேன். வார்டனம்மா பார்த்தால் தொலைந்தேன்.

ஐப்பசியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. நாம் சேர்ந்து செய்த சோதனையை நாளை பெற்றோர் முன்னால் நான் தனியாகச் செய்து காட்ட வேண்டும். பள்ளிக்கூடம் பார்க்க அப்பா வருகிறார். “பார்த்துட்டுத்தான் மேல படிக்கிறதப் பத்திச் சொல்லுவேன்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். யாராவது வாய் வைத்த சொம்பைத் தொடாதவர் அவர். அவர் எதிரில் நான் கஞ்சியில் துப்பியாக வேண்டும்.

மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீண்ட மாலை, எச்சில் அதை இரண்டிரண்டு மணியாக அறுத்தால் மால்டோஸ் என்ற சர்க்கரை என்று போன மார்கழியில் டீச்சர் சொன்னார். சாமைக் கஞ்சியில் துப்பச் சொன்னதும் எல்லாரும் பின்வாங்கினோம்.

“தெனமும் சோத்தோட முழுங்குறதுதானுங்க டீச்சர்” என்று நீ மட்டும் துப்பினாய். கண்ணாடிக் குழாயை ஜன்னல் கல்லில் வைத்தோம். பிறகு, மாவு இருந்தால் நீலம் காட்டும் அயோடினை விட்டதும் கஞ்சி கருநீலமாயிற்று. மாவு மாவாகவே இருந்தது.

“பைல் நாட்டு எச்சிலுக்கு வலுவில்லடி” என்று உன் மலை ஊரைச் சொல்லிப் பின்னாலிருந்து ஒருத்தி சிரித்தாள்.

நீ அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தாய். சில்லென்றிருந்தது. வேறு குழாயில் கஞ்சி விட்டுத் துப்பி, அக்குளில் இடுக்கிக்கொண்டு மூலையில் போய்க் குந்தினாய்.

“என்ன பண்றே?”

“அடை காக்குறேனுங்க டீச்சர். முட்டைக்கே சூடு வேணுமில்லீங்க.”

டீச்சரே சிரித்துவிட்டார். இம்முறை அயோடின் விட்டபோது நீலம் வரவில்லை, வெறும் மஞ்சள்தான். “என்ற வாய்க்குள்ள சர்க்கரை ஆலை ஓடுது” என்று வகுப்பைச் சுற்றிவந்தாய். ஒதுங்கி நின்ற என்னிடம் வந்து ஒரு குழாயை நீட்டினாய். “துப்பு கண்ணு. உன்ற ஆலை ஓடுதான்னு பார்க்கலாம்.” ஓடியது. அப்புறம் வகுப்பில் எவளும் கூசவில்லை. குழாய்க்குச் சண்டையே வந்தது.

இன்று ராத்திரி போர்வைக்குள் தனியாகச் செய்து பார்த்தேன். நீலம் வரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

நாளை முதல் குழாயில் நானே துப்புவேன். அப்பா முகத்தைச் சுளிக்கத்தான் செய்வார். அவரிடமும் ஒரு குழாயை நீட்டப்போகிறேன்.

“துப்புங்கப்பா” என்று சொல்லப்போகிறேன்.