இருபத்திரண்டு ஆம்பியர்

மார்ச் 3, செவ்வாய்

அண்ணி வந்து இறக்கிவிட்டுப் போனார்: மூத்தவரின் மின்மோட்டார் மாடல் விமானம், ரிமோட், ப்ரொப்பல்லர்கள் நிறைந்த பழைய பிஸ்கட் டப்பா. "பதினஞ்சாந்தேதி அவரு பிறந்தநாளு. மைதானத்துல ஒரே ஒரு தடவை பறக்க விட்டுடுங்க தம்பி. அப்புறம் கிளப்புக்கே குடுத்துடலாம்."

அவர் இறந்து நான்கு மாதம். நாங்கள் பேசாமல் இருந்தது பதினோரு வருடம். சரி என்றேன். பறக்க விடுகிறேன். ஆனால் என் கணக்குப்படி.

மார்ச் 4

அலுவலகம். நான் வேலை கற்றுக்கொடுத்தவன் இன்று எனக்கு விடுப்பு மறுத்தான்.

மார்ச் 7, சனி

விமானத்தின் மூக்கில் இருந்த ப்ரொப்பல்லர் பத்துக்கு ஐந்து. பத்து அங்குல நீளம். ஒரு சுற்றுக்கு ஐந்து அங்குலம் காற்றைத் துளைத்து முன்னேறும் பிட்ச். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஐந்துதான். படித்தவன் நான் எட்டு என்றேன். வேகம் கூடும் என்று தாளில் போட்டே காட்டினேன். அந்த எட்டை மாட்டித்தான் என் விமானம் கிளப் முழுவதும் பார்க்கப் புகைந்து விழுந்தது. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கண்ட்ரோலர் மட்டமான சரக்கு. அதை யார் கேட்டார்கள்? அவர் சொன்னதுதான் எல்லார் வாயிலும்: "என் தம்பிக்கு ப்ரொப்பல்லர் எதுக்கு? வாய்க் காத்துலயே ஏத்திடுவான்."

இந்தப் பிறந்தநாளுக்கு எட்டு பறக்கும்.

மார்ச் 8, ஞாயிறு

விமானத்தை மேசையோடு கட்டி, பேட்டரிக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவே மீட்டர் வைத்து, முழு வேகம். ஐந்து பிட்ச்: இருபத்திரண்டு ஆம்பியர். கண்ட்ரோலர் தாங்குவது இருபத்தைந்து.

எட்டை மாட்டினேன். பிட்ச் கூடினால் மோட்டார் இழுக்கும் மின்சாரமும் கூட வேண்டும். முப்பதைத் தாண்டிவிடுமோ என்று பயந்தேன், இங்கே என்னிடமே எதற்குப் பொய்?

இருபத்திரண்டு.

மார்ச் 9

மீட்டர் கெட்டிருக்க வேண்டும். கிளப் செயலாளரிடம் இரவல் கேட்டேன். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் மைக்செட். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான்.

"எட்டா? உங்கண்ணன் காதுல விழுந்தா எந்திரிச்சு வந்துடுவாரு சார்!" என்று சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.

மார்ச் 11

மைக்செட்டின் மீட்டர். எட்டு: இருபத்திரண்டு. ஆறு: இருபத்திரண்டு. ஏழு: இருபத்திரண்டு. சத்தம்கூட மாறவில்லை. எதை மாட்டினாலும் ஐந்தின் அதே மெல்லிய ரீங்காரம்.

மார்ச் 12, வியாழன்

ப்ரொப்பல்லரையே கழற்றிவிட்டேன். சுற்றுவது மோட்டாரின் வெறும் தண்டு. ஒன்றரை ஆம்பியருக்கு மேல் காட்ட வழியில்லை.

இருபத்திரண்டு.

விமானத்துக்குப் பின்னால் வைத்திருந்த என் கணக்குத் தாள்கள் ஒவ்வொன்றாக எழும்பிப் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டன. ஜன்னல் சாத்தியிருந்தது.

கதவருகே மனைவி. முடி பறக்காமல் ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். "என்னங்க இவ்வளவு காத்து? ஃபேன் போட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப என்ன சுத்துது?"

விமானத்தின் மொட்டை மூக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள். என்னை ஒரு வார்த்தை கிண்டல் பண்ணாமல் அவள் போனது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை.

மார்ச் 13

பயமா? எனக்கா?

பதினோரு வருஷம் ஒரு ஃபோன் பண்ணத் தெரியல. ஒரு வார்த்தை — சும்மா எப்படிடா இருக்கேன்னு ஒரு வார்த்தை. இப்ப வந்து என் தாளைப் பறக்க விட்டா ஆச்சா? செத்தும் நீங்கதான் ஜெயிக்கணுமா?

நான் மட்டும் பண்ணேனா?

மார்ச் 14

ஐந்தை மாட்டினேன்.

மார்ச் 15, ஞாயிறு

ஒன்பது நிமிடம் பறந்தது. ஆட்டமில்லை, திருப்பத்தில் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. அண்ணி கண்ணுக்கு மேல் கை வைத்து, அது புள்ளியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், எட்டுன்னீங்களே?" என்றான் மைக்செட்.

"அஞ்சுதான். அண்ணன் சொன்னது."

விமானத்தை அடுத்த வாரம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். ஜன்னலைச் சாத்தி, ப்ரொப்பல்லரைக் கழற்றி, பின்னால் தாள்களை வைத்து, முழு வேகம்.

ஒன்றரை ஆம்பியர். ஒரு தாளும் அசையவில்லை.

பேட்டரியை மறுபடி சார்ஜில் போட்டிருக்கிறேன். ஜன்னலைத் திறக்க வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன்.