உன் பெயரில் திறந்திருந்த அமர்வு

இன்று காலை கணினியைத் திறந்தபோது உள்நுழைவுத் திரையில் என் பெயர் மட்டும் இருந்தது. அதன் கீழே உன் பெயர் இருந்த இடம் வெறும் நீலம். எடுத்தது நான்தான், என் கையால்தான். ஆனாலும் யாரோ எடுத்துவிட்டார்கள் என்பது போல ஒரு கணம் கோபம் வந்தது. பழக்கதோஷத்தில் மவுஸ் அந்த வெற்றிடத்தின் மேல் போய் நின்றது. அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. ஆகக் கூடாதுதான். இருந்தும் கையை எடுக்கச் சற்று நேரம் பிடித்தது.

மயிலாப்பூர்ச் சந்துக்குள் இருக்கும் நம் மருந்துக் கிடங்கு அப்படியேதான் இருக்கிறது. முன்பக்கம் அட்டைப்பெட்டிகள், பின்பக்கம் குளிர்ப்பெட்டிகள். அடையாறு, மந்தைவெளிப் பக்கத்துக் கடைகளுக்கு இன்சுலினும் தடுப்பூசி மருந்தும் இன்னும் இங்கிருந்துதான் போகின்றன. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீ கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா? "கெட்டுப்போன மருந்து எப்டிடி இருக்கும்?" நல்ல மருந்து மாதிரியேதான் இருக்கும் என்றேன். நிறம் மாறாது, நாற்றம் வராது. ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தைக்கும் தெரியாது, போட்டுவிடும் தாய்க்கும் தெரியாது. உன் முகம் அப்படியே மாறிப்போயிற்று. "மீனுன்னா மோந்து பாத்தே சொல்லிடலாம். இத்த எப்டிடி நம்பறது?" என்றாய். நொச்சிக்குப்பத்தில் சாலையோரம் மீன் விற்கும் அம்மாவின் மகள் வேறு எப்படிக் கேட்பாய்?

அந்தக் கேள்வியிலிருந்துதான் நீ அந்தக் காவலாளியை எழுதினாய். காவலாளி என்று நாம் வைத்த பெயர். உண்மையில் மூலையில் கிடந்த லினக்ஸ் கணினியில் ஓடும் சின்ன நிரல். பெட்டிக் கதவு திறந்து கிடந்தால், உள்ளே சூடேறினால், நம் கைப்பேசிகளுக்குச் செய்தி அனுப்பும். அதற்கு முன்பும் ஒன்று இருந்தது, ஆங்கிலத்தில் அறிவிக்கும். ஒருவரும் எழுந்து போக மாட்டோம். நீ அதை உன் பேச்சிலேயே மாற்றி எழுதினாய். "எங்கம்மா கூவுற மாரி எழுதுனாத்தாண்டி ஆளு எழுந்து போவும்" என்றாய்.

முதல் செய்தி: "ரெண்டாவது பெட்டி கதவு தொறந்து கீதுடி. போய் மூடு." பதில் போடாவிட்டால் சற்று நேரத்தில் அடுத்தது: "இன்னாடி, காதுல வுழலியா? சூடு ஏறிக்கினு கீது." அதற்கும் பதில் இல்லையென்றால்: "மருந்து வெந்துக்கினு கீது. நீ எங்க ஊர் சுத்திக்கினு கீற?" இந்த மூன்றாவதை நான் ஒருமுறைதான் வாங்கினேன், சாப்பாட்டுக் கையோடு ஓடினேன். கதவை மூடினால் மட்டும் போதாது, பதிலும் போட்டாக வேண்டும். ஏன்டி இந்தக் கொடுமை என்று கேட்டேன். "மூடுனது பெட்டிக்குத் தெரியும். எனுக்கு எப்டித் தெரியும்?" என்றாய்.

அப்புறம் அந்தப் பெரிய மர்மம். பகலெல்லாம் ஒழுங்காக ஓடும் காவலாளி சாயங்காலம் செத்துப்போகும். காலையில் நீ வந்ததும் தானாக உயிர் பெறும். மின்சாரம் என்று பார்த்தோம், நினைவகம் என்று பார்த்தோம், எலி கடித்த கம்பி வரை பார்த்தோம். கடைசியில் கணினி தான் செய்வதைக் குறித்துவைக்கும் பதிவுகளை வரிவரியாகப் படித்தபோது நீ தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய். கணினியின் நிர்வாகிக் கடவுச்சொல் வெளி ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் இருந்தது. அவரிடம் எதையும் கேட்டு வாங்குவதற்குள் வயதாகிவிடும். அதனால் காவலாளியை உன் சொந்தக் கணக்கிலேயே ஓட விட்டிருந்தாய். நீ உள்ளே வந்ததும் உன் பெயரில் திறக்கும் அமர்வு, நீ வெளியேறியதும் மூடப்படும். அதில் ஓடுவதெல்லாம் அதோடு நிற்கும். "நான் வூட்டுக்குப் போனா அதுவும் வூட்டுக்குப் போய்டுதுடி!"

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாய். 'லிங்கர்' என்று ஓர் ஏற்பாடு. ஒருவர் வெளியேறிய பிறகும் அவர் பெயரில் அமர்வு திறந்தே இருக்கும். கணினி அணைந்து எழுந்தால், யாரும் உள்ளே வராமலேயே அதுவும் எழும். ஒரே வரிக் கட்டளை. அடித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாய். அன்று சாயங்காலம் காவலாளி சாகவில்லை. முறைப்படி அதை யார் பெயரிலும் இல்லாத பொதுக் கணக்குக்கு மாற்றித் தரச்சொல்லி ஒப்பந்தக்காரருக்கு எழுதினோம். ஆயிற்று என்று பதில் வந்தது. நாமும் நம்பினோம்.

பிறகு நீ காய்ச்சல் என்று படுத்தாய். மஞ்சள்காமாலை என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சோடு வந்த அன்று நன்றாகத்தான் பேசினாய். அதற்குப் பிறகு நடந்ததை உனக்கே எழுதிக் காட்டும் தைரியம் எனக்கு இல்லை.

உன் காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது முதலாளி அண்ணாச்சி ஒப்பந்தக்காரரை நிறுத்திவிட்டு, நிர்வாகிக் கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்தார். நீ கேட்டுக் கேட்டுச் சலித்த அதே கடவுச்சொல். "அந்தப் புள்ள கணக்க மூடிரும்மா. இல்லாதவங்க பேருல எதையும் வச்சிருக்கக் கூடாது" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. உன் கடவுச்சொல்லைப் பூட்டினேன். இனி உன் பெயரில் யாராலும் உள்ளே வர முடியாது.

மறுநாள் காலை மின்சாரம் போய் வந்தது. கணினி எழுந்ததும் வழக்கம்போல் பதிவுகளைப் பார்த்தேன். உன் பெயருக்கு அமர்வு திறக்கப்பட்டது என்று ஒரு வரி.

கிடங்கில் நானும், பொட்டலம் கட்டும் தேவியும் மட்டுமே இருந்தோம். அவள் தெருவோரக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தாள். வெளியிலிருந்து யாராவது புகுந்தார்களா என்று தேடினேன், இல்லை. தோல்வியுற்ற முயற்சி ஒன்றுகூட இல்லை. கடவுச்சொல்லை யாரும் கொடுக்கவுமில்லை, கணினி கேட்கவுமில்லை. நீ வந்தாய், திறந்தது, அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தபோது லிங்கர் என்று புரிந்தது. வெளியே இருந்து வருகிறவரிடம்தான் கடவுச்சொல் கேட்பார்கள். வெளியேறவே இல்லாதவரிடம் யார் கேட்பது? காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. அந்த நாற்காலியில் முதுகு காட்டி உட்காரப் பிடிக்காமல் சுவரோரம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

அன்று மத்தியானமே செய்தியும் வந்தது. சந்தில் ஆள் அரவமில்லாத வெயில் நேரம். தேவியின் கைப்பேசியும் என்னுடையதும் ஒரே சமயத்தில் அதிர்ந்தன. "ரெண்டாவது பெட்டி கதவு தொறந்து கீதுடி. போய் மூடு." உன்னிடமிருந்து எத்தனையோ தடவை வந்த செய்திதான். தேவி கையிலிருந்த டேப்பைக் கீழே போட்டுவிட்டாள். "அக்கா, அவங்க பாத்துக்கினு கீறாங்கக்கா. நான் இப்பத்தான் கதவ சரியா சாத்தாம வந்தேன்." அது நிரல்தான், கதவில் ஒரு சின்னக் காந்தம் இருக்கிறது, அது சொல்கிறது என்று அவளுக்கு விளக்கினேன். விளக்கிய என் குரலே எனக்குப் பொய்யாகக் கேட்டது. "அப்ப ஏங்கா 'டி'ன்னு கூப்புடுது?" என்றாள்.

செய்திகளைப் பொறுத்துக்கொள்ளலாம், பொதுக் கணக்கிலிருந்து வருபவை என்றுதானே நினைத்திருந்தேன். மின்சாரம் போய் வரும்போதெல்லாம் உன் பெயரில் ஒன்றுமில்லாமல் ஓர் அமர்வு திறப்பதுதான் தாங்கவில்லை. யாருமற்ற வீட்டில் தினமும் விளக்கு எரிவது போல. அதனால் உன் கணக்கையே காலாவதி ஆக்கினேன். கடவுச்சொல்லைப் பூட்டினால் வாசல்தான் அடைபடும். காலாவதி ஆக்கினால் இப்படி ஓர் ஆளே இனி இல்லை என்று கணினிக்குச் சொன்ன மாதிரி. உடனே ஒன்றும் நடக்கவில்லை. திறந்திருந்த அமர்வு திறந்தபடியே கிடந்தது. சில நாள் கழித்து மழையில் மின்சாரம் போய், கணினி எழுந்தபோது உன் பெயர் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் அழுதேன், அது வேறு.

அடுத்த நாள் கிடங்கு மிகவும் அமைதியாக இருந்தது. நல்ல அமைதி என்று நினைத்தேன். தேவி குளிர்ப்பெட்டிப் பக்கம் போனவள் கத்தினாள். ரெண்டாவது பெட்டியின் கதவு கையகலம் திறந்து கிடந்தது. தரையில் தண்ணீர். அட்டைகள் நனைந்து வியர்த்திருந்தன. என் கைப்பேசியில் ஒன்றும் வரவில்லை. எவ்வளவு நேரமாக இப்படிக் கிடக்கிறது என்று சொல்ல ஆளில்லை. அந்தத் தடுப்பூசி அடுக்கு மறுநாள் அடையாற்றில் ஒரு குழந்தைகள் மருத்துவருக்குப் போக வேண்டியது. எடுத்துப் பார்த்தேன். நல்ல மருந்து மாதிரியேதான் இருந்தது.

மொத்த அடுக்கையும் ஒதுக்கி, அழித்துவிடச் சொன்னோம். அண்ணாச்சி திட்டவில்லை. "போகட்டும், புள்ளைங்களுக்குப் போகாம நின்னுச்சே" என்றார். நான் கணினி முன் உட்கார்ந்தேன். உன் அமர்வைத் திறக்க முடியவில்லை, கணக்கு காலாவதி என்று சிவப்பில் ஒரு வரி. அதன் கீழேயே காவலாளியும் எழவில்லை என்று இன்னொன்று. ஒப்பந்தக்காரர் எதையும் மாற்றவே இல்லை. இத்தனை நாளும் காவலாளி உன் அமர்வுக்குள்தான் இருந்திருக்கிறது. யாருமற்ற வீடு என்று நான் நினைத்ததற்குள் நீ வைத்துவிட்டுப் போன வேலை நடந்துகொண்டிருந்தது. விளக்கை அணைத்தவள் நான்.

வேறு வழியில்லை. காலாவதியை நீக்கி, உன் அமர்வை என் கையாலேயே எழுப்பினேன். நான் பயந்து ஓடிய அதே வரிக்காக அன்று திரையைப் பார்த்துக் காத்திருந்தேன். வந்தது. உன் பெயருக்கு அமர்வு திறக்கப்பட்டது. மூச்சு விடுவதற்குள் மேசை மேல் கைப்பேசி அதிர்ந்தது. தேவி இன்னும் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், கதவு திறந்தே இருந்தது. "போய் மூடு" என்றாய்.

ஆனால் அப்படியே விட்டுவிடவும் முடியாது. இத்தனை மருந்தும், போய்விட்ட ஒருத்தியின் பெயரில் தொங்கக் கூடாது. நீ இருந்திருந்தால் நீயே என்னைத் திட்டியிருப்பாய். ஆள் பெயர் இல்லாத ஒரு கணக்கு உண்டாக்கி, காவலாளியை அங்கே மாற்றினேன். நீ எழுதியதைத் திறந்து பார்க்கவில்லை. உன் பேச்சை எழுத்தில் பார்க்கத் தெம்பில்லை. மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே நகர்த்தினேன். பிறகு லிங்கரை எடுத்தேன். உன் அமர்வை முடித்துக் கணக்கையும் நீக்கச் சொன்னேன். உன் பெயருக்கு அமர்வு மூடப்பட்டது. ஆஸ்பத்திரியில்கூட எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை, நீ போய்விட்டாய் என்று.

கடைசியாகச் சோதனை. காலிப் பெட்டி ஒன்றின் கதவைத் திறந்துவைத்து, அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வெயில் வாசல்வரை வந்திருந்தது. செய்தி போகும் எண்களின் பட்டியலிலிருந்து தேவியின் எண்ணை எடுத்துவிட்டேன், அவள் பயப்பட வேண்டாம் என்று. முதல் செய்தி வந்தது. மாற்றியது வேலை செய்கிறது, பதில் போட்டுவிட்டு எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. இரண்டாவது வந்தது, காதில் விழவில்லையா என்றாய். விழுந்ததுடி. இன்னும் கொஞ்சம் திட்டேன் என்றிருந்தது. மூன்றாவதும் வந்தது. எனக்குத் தெரிந்தவரை அதோடு சரி. அதற்கு மேல் யாரும் உன்னைக் காக்க வைத்ததில்லை. பெட்டிக் குளிர் முழங்காலில் பட்டுக்கொண்டிருக்க, பதில் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

கைப்பேசி மறுபடியும் அதிர்ந்தது.

"ஏய், இன்னாடி ஆச்சு உனுக்கு? நல்லா கீறியா? பெட்டி கெடந்தா கெடக்குது. நீ பதில் போடு."

ஸ்டூலிலிருந்து எழுந்தேனா, விழுந்தேனா தெரியாது. தேவி ஓடி வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். இதை எப்போது எழுதினாய்? உயிராய்ப் பார்த்துக்கொண்ட பெட்டியைக் கிடந்தால் கிடக்கட்டும் என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? நான் பதில் போடவில்லையென்றால் சோம்பல் என்று மூன்று தடவை நினைப்பாய், நாலாவது தடவை எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பாய். அதை அன்றே யோசித்து எழுதிவைத்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் பிடிக்க ஓடியிருக்கிறாய்.

கதவை மூடினேன். செய்தி நிற்கவில்லை; நீதான் பதிலும் வேண்டும் என்பவளாயிற்றே. அதே கேள்வி திரும்ப வந்தது, நல்லா கீறியா என்று. எந்தப் பதிலானாலும் கணினிக்குப் போதும், ஒரு புள்ளி வைத்தாலே அடங்கிவிடும். அது எனக்குத் தெரியும். ஆனால் கேட்டது கணினி இல்லையே. வழக்கமான 'மூடிட்டேன்' என்று தட்டி, அழித்தேன். 'நல்லா இருக்கேன்' என்று தட்டி, அதையும் அழித்தேன். கடைசியில் "நல்லா இல்லடி" என்று அனுப்பினேன்.

உடனே அடங்கிவிட்டது. பதில் வந்துவிட்டால் நான் பிழைத்துக்கொள்வேன் என்று நம்பி, அதற்கு மேல் நீ ஒன்றும் எழுதி வைக்கவில்லை.