பை டூ காபியில் உங்கள் பாதி

மாஸ்டர்,

இன்று காலை மஞ்சுநாத் என் முன்னால் இரண்டு சின்ன கிளாஸ்களைக் கொண்டுவந்து வைத்தான். அல்சூர் மெட்ரோவுக்குப் பக்கத்தில் நாம் நின்றுகொண்டே குடிப்போமே, அந்த தர்ஷினி ஹோட்டலில்தான். நான் கேட்டது ஒரு காபி. தனியாகத்தான் நின்றிருந்தேன். அவன் அந்த ஒரு காபியை 'பை டூ' என்று இரண்டாகப் பிரித்து, பாதி பாதி ஊற்றி, ஆவி பறக்க நீட்டிய பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "அய்யோ, சாரி மேடம். கைப்பழக்கம்," என்றான்.

"அந்தக் கையைக் கொஞ்சம் அடக்கி வை," என்று ஒரு சத்தம் போட்டேன். பாவம், அவன் என்ன செய்வான். நீங்கள் போனதிலிருந்து நான் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. இன்று பஸ்ஸுக்கு நின்றேன், டிகாக்‌ஷன் வாசனை வந்தது, கால் தானாகப் போய்விட்டது. இரண்டு கிளாஸையும் தொடாமல், தையல் யூனிட்டுக்கும் போகாமல், ஜோகுபாளையம் வீட்டுக்கே திரும்பி நடந்தேன்.

வந்ததிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். உங்கள் சட்டைகளை எடுத்து மடித்தேன், கலைத்தேன், மறுபடி மடித்தேன். பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்துக்கு ஜன்னலை அறைந்து சாத்தினேன். சரி, எழுதியாவது தொலைப்போம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

என் பாடு இதுதான். நீங்கள் என்னைக் கல்யாணம் செய்துகொண்டது என்னைப் பிடித்துப்போயா, இல்லை என்னிடம் மாட்டேன் என்று சொல்லத் தெரியாமலா? இதற்கு ஒரு நாள் நீங்கள் பதில் சொன்னீர்கள் என்று எனக்கு ஒரு நினைவு இருக்கிறது. அந்த நினைவை நம்பலாமா என்பதுதான் தெரியவில்லை. சந்தேகம் வந்த பீஸை நான் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

யூனிட்டில் நீங்கள் கட்டிங் மாஸ்டர். நான் வேலூரிலிருந்து வந்து சேர்ந்த க்யூசி. தைத்து வரும் ஒவ்வொரு சட்டையையும் புரட்டிப் பார்த்து, தேறாததைத் திருப்பி அனுப்புவது என் வேலை. மற்ற மாஸ்டர்கள் என்னோடு மல்லுக்கு நிற்பார்கள். நீங்கள் மட்டும் காலரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னா சரி மேடம்," என்று சட்டைக் கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவீர்கள். வருஷக்கணக்காக அந்த ஒரு வாக்கியம்தான் நமக்குள் பேச்சு. இரண்டு பேருக்கும் தலை நரைக்க ஆரம்பித்த பிறகு, ஒரு மத்தியானம், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே நான்தான் கேட்டேன்.

"மாஸ்டர், நீங்க தனியா சமைச்சு மிச்சத்தைக் கொட்டறீங்க, நான் தனியா சமைச்சு கொட்டறேன். பேசாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

கத்தரியைக் கீழே வைத்தீர்கள். விரலில் இருந்த சாக்பீஸ் மாவை பேண்ட்டில் துடைத்தீர்கள். "நீங்க சொன்னா சரி மேடம்."

அடப்பாவி மனிதா! அதே வாக்கியம். அதே குரல். ரிஜெக்ட் ஆன சட்டை லாட்டை வாங்கிக்கொள்கிற அதே முகம். ரெஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போடும்போதும், அல்சூர் கோயிலில் மாலை மாற்றும்போதும் எனக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. கேட்டுவிடலாம், அவசரம் என்ன, ஒரே வீட்டில்தானே இருக்கப்போகிறோம் என்று தள்ளிப்போட்டேன். முழு காபி குடித்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது என்று தெரிந்ததும், எக்ஸ்ட்ரா சர்க்கரையோடு முழு கிளாஸ் குடித்துவந்த நீங்கள், மறுநாளே கவுண்டரில் "பை டூ" என்றீர்கள். அன்றாவது கேட்டிருக்கலாம். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆவதற்குள் உங்களுக்கு ஜுரம் வந்துவிட்டது.

மூளைக்காய்ச்சல் என்றார்கள். பிழைத்துக் கண் விழித்து, என்னைப் பார்த்து, படுக்கையிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தீர்கள். "மேடம், நீங்க எதுக்கு ஆஸ்பத்திரிக்கெல்லாம்? ஏதாச்சும் லாட் ரிஜெக்ட் ஆயிடுச்சா?" நான் சிரித்தேன். ஜுரத்தில் உளறுகிறீர்கள் என்று நினைத்தேன். மறுநாளும் அதையே கேட்டீர்கள். அதற்கு மறுநாளும்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னார். "புதுசா நடக்கறது எல்லாம் முதல்ல மூளைக்குள்ள, காதுக்கு நேரா உள்பக்கமா ஒரு சின்ன இடத்துல தங்கும்மா. அங்கேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா, முக்கியமா தூங்கும்போது, மேல் மடிப்புகளுக்குப் போய் உறையும். முழுசா உறையறதுக்கு வருஷக்கணக்கா ஆகும். ஜுரம் அடிச்சது அந்தச் சின்ன இடத்தை. பழசெல்லாம் ஏற்கெனவே உறைஞ்சு பத்திரமா இருக்கு. கடைசி சில வருஷம் உறையறதுக்குள்ள பாத்திரம் ஆடிடுச்சு. இனிமே நடக்கறதும் அதிகம் தங்காது."

"என் கல்யாணம் என்ன தயிரா டாக்டர்?" என்று எகிறினேன்.

"தயிர்தாம்மா," என்றார், நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு. எனக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு தினமும் காலையில் அதே கூத்து. கண் விழிப்பீர்கள், அடுப்படியில் க்யூசி மேடம் நிற்பதைப் பார்த்து அலறியடித்துச் சட்டையைத் தேடுவீர்கள். நான் உட்காரவைத்து முழுக் கதையும் சொல்வேன். ரெஜிஸ்டர் ஆபீஸ் போட்டோவைக் காட்டுவேன். நீங்கள் போட்டோவைப் பார்ப்பீர்கள், என் தாலியைப் பார்ப்பீர்கள், முகம் வெளுத்துப் போகும். "உங்கள யாராச்சும் கட்டாயப்படுத்துனாங்களா மேடம்?" என்று கேட்பீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஆமா, துப்பாக்கிய வெச்சு மிரட்டுனாங்க!" என்று கத்திவிட்டு பாத்ரூமுக்குள் போய் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வேன். வெளியே வரும்போது நீங்கள் கட்டில் ஓரத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பீர்கள். எதற்காகத் தலை குனிந்திருக்கிறோம் என்பதுகூட அதற்குள் உங்களுக்கு மறந்திருக்கும்.

ஒரு கட்டத்தில் சொல்வதை நிறுத்தினேன். தினமும் உங்களை அப்படிப் பதறவைப்பதைவிட நான் மேடமாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று தாலியை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டேன். போட்டோவை அலமாரியில் புடவைக்கடியில் வைத்தேன். மாடி போர்ஷனுக்குக் குடிவந்திருக்கிறேன் என்று சொன்னேன். "அப்படியா மேடம், தண்ணி நல்லா வருதா?" என்று அக்கறையாக விசாரித்தீர்கள். கல்யாணமான என் வீட்டில் நானே குடித்தனக்காரி.

ஆனால் அந்தக் கை! தர்ஷினிக்குக் கூட்டிப்போனால் கவுண்டரில் உங்கள் வாய் தானாக "பை டூ" என்னும். சொல்லிவிட்டு நீங்களே திகைப்பீர்கள். "ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியல மேடம், மன்னிச்சுக்குங்க, உங்களுக்கு ஃபுல்லா சொல்லவா?" அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த மஞ்சுநாத் சிரிப்பான். டாக்டரம்மாவிடம் சொன்னேன். பழக்கம் சேர்கிற இடம் வேறு, அதற்கு அந்தச் சின்ன இடத்தின் தயவு தேவையில்லை என்றார். எனக்கு அது ஆறுதலாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. என் நெஞ்செரிச்சலை மாஸ்டர் ஞாபகம் வைத்திருக்கிறாராம், என்னை வைத்திருக்கவில்லையாம்!

இன்னொன்றும் டாக்டரம்மா சொன்னார். அதுதான் என்னை இன்று வரைக்கும் தூங்கவிடுவதில்லை. நம் கல்யாணத்தன்று தூறல் இருந்ததா, மாஸ்டர்? உங்களிடம் கதை சொல்லும்போது சில நாள் தூறல் என்றேன், கேட்க நன்றாக இருக்கட்டும் என்று. சில நாள் வெயில் என்றேன். இப்போது எனக்கே எது நிஜம் என்று தெரியவில்லை. போட்டோ உள்ளே எடுத்தது, அதில் வானம் இல்லை. ஏன் இப்படி என்று கேட்டதற்கு டாக்டரம்மா, "ஒரு ஞாபகத்தை வெளிய எடுக்கறப்பல்லாம் அது கொஞ்சம் இளகிடும்மா. திரும்ப வைக்கறப்ப எடுத்த மாதிரியே போய் உக்காராது," என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. தையலைப் பிரித்துத் திரும்பத் தைப்பதுதானே. ஒவ்வொரு தடவையும் ஊசி வேறு ஓட்டையில் இறங்கும். நம்மிடம் அப்படி வந்த துணியை நானே எத்தனை முறை தேறாது என்று ஒதுக்கியிருக்கிறேன்.

அதனால்தான் அந்தக் காலையை மட்டும் நான் வெளியே எடுப்பதே இல்லை. நீங்கள் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், தர்ஷினியில், கல் மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள். சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் சாக்பீஸை எடுத்து மேஜை மேல் ஒரு கோடு இழுத்தீர்கள். அப்புறம் அதைக் கையாலேயே அழித்தீர்கள்.

"மேடம், ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"மத்தவங்க நான் வெட்டுன பீஸை எண்ணிப் பாப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் திருப்பிப் பாப்பீங்க. யூனிட்டுக்கு நீங்க வந்த புதுசுலேர்ந்து கேக்கணும்னு நெனச்சிட்டிருக்கேன், தைரியமே வரல. நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

வந்த புதுசுலேர்ந்து. அப்படித்தானே சொன்னீர்கள்? அது பழசு, மாஸ்டர். நான் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு கேட்டதற்கு வெகு காலம் முந்தியது. எந்த ஜுரமும் தொடமுடியாதபடி உறைந்து போனது. கல்யாணம்தான் கலைந்து போயிருக்கிறது, ஆசை அங்கேயே இருந்திருக்கிறது. நான் பதில் சொன்னேன். உங்கள் முகம் மலர்ந்தது. வீடு வந்து சேர்வதற்குள் மறந்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. பத்து நாளோ என்னவோ, ஒரு சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள், அவ்வளவுதான்.

அந்தக் காலை நிஜமா? இல்லை, இத்தனை நாள் ஏங்கியவள் நானே வெட்டி நானே தைத்துப் போட்டுக்கொண்டதா? தூறலைத் தைத்தவள்தானே நான். இதைச் சரிபார்க்க ஒரே ஆள் நீங்கள், நீங்களும் அப்போதே மறந்துவிட்டீர்கள். யாரிடம் போய்க் கேட்பேன்?

இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன்; மீதியைத் திரும்பி வந்து எழுதுகிறேன். செருப்பை மாட்டிக்கொண்டு தர்ஷினிக்குக் கிளம்பிவிட்டேன். காலையில் மஞ்சுநாத்திடம் கத்தியதும் மனசை அறுத்துக்கொண்டிருந்தது.

சாயங்காலக் கூட்டம். மஞ்சுநாத் என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கிக்காட்டினான். "ஃபுல் மேடம், ஃபுல்லே கொடுக்கறேன், கோபம் வேணாம்."

"பை டூவே குடு," என்றேன்.

இரண்டு கிளாஸை வைத்துவிட்டு அவன் போகவில்லை. மேஜையைத் துடைத்தான், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. ரொம்ப நாளா மனசுல இருக்கு. மாஸ்டர் அன்னைக்கு இங்க நின்னு உங்ககிட்ட கேட்டாருல்ல, சாக்பீஸ்ல கோடு போட்டுட்டு? நான் டம்ளர் எடுக்க வந்தேன், காதுல விழுந்துடுச்சு. அந்தக் கோடு சரியா அழியல, அப்புறம் நான்தான் தண்ணி போட்டுத் தொடைச்சேன். நீங்க என்ன சொன்னீங்கன்னு மட்டும் கேக்கல, அதுக்குள்ள கவுண்டர்ல கூப்பிட்டாங்க. பாவம், நல்ல மனுஷன். ஓகே சொன்னீங்களா மேடம், இல்லையா?"

நாம் புருஷன் பெண்டாட்டி என்று அவனுக்குத் தெரியாது. மாஸ்டர் என்றும் மேடம் என்றும் கூப்பிட்டுக்கொண்டு பாதி பாதி காபி குடித்த இரண்டு பேர், அவ்வளவுதான் அவனுக்கு. என் மண்டைக்குள் நான் தொடப் பயந்து வைத்திருந்ததை அவன் இத்தனை நாள் தன் மண்டைக்குள் வைத்துக்கொண்டு டம்ளர் கழுவியிருக்கிறான்.

"சொன்னேன்பா," என்றேன்.

"என்னன்னு மேடம்?"

உங்கள் பாதியை எடுத்துக் குடித்தேன். ஆறியிருந்தது, சர்க்கரை அடியில் தங்கியிருந்தது. அப்புறம் அவனிடம் சொன்னேன், அன்றைக்கு உங்களிடம் சொன்னதை அப்படியே.

"நீங்க சொன்னா சரி மாஸ்டர்."